ஆர்வலரின் தொலைநோக்கியும் தென்தமிழக இரவு வானமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழக வானியலின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சென்னை, கொடைக்கானல், காவலூர் என்னும் வரிசையில் ஆய்வகங்களும் அவற்றின் இயக்குநர்களும் இடம்பெறுகின்றனர். பதவியும் ஊதியமும் கருதாது ஆர்வத்தால் வானை நோக்கியோர்க்கு அவ்வரிசையில் இடமில்லை. ஆர்வலர்கள் பெரிய தொலைநோக்கிகளுடன் ஒன்றுகூடும் வான்நோக்கு முகாம்களைப் புதிய பொழுதுபோக்காகக் கருதும் பார்வை இவ்விடுபாட்டின் விளைவே. அம்மரபின் வேர்களை ஆராய்ந்து, சங்கரன்கோவில் வட்டாரம் போன்ற தென்பகுதிகளுக்கு அதில் உள்ள வாய்ப்பைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனியார் கருவியும் அரசு அலுவலகமும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் வில்லியம் பெட்ரி, 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். 3 அங்குல வில்லை கொண்ட இரு தொலைநோக்கிகள் அதில் இருந்தன. அக்கருவிகள் கம்பெனிக்கு வழங்கப்பட, மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. ஐதராபாத்திலும் இதே போக்கைக் காணலாம். நவாப் சஃபர் ஜங் 1901இல் தொடங்கிய தனியார் வானாய்வகம் 1908இல் நிசாம் அரசின் பொறுப்பில் வந்தது. இவ்விரு சான்றுகளிலும் அரசு நிறுவனத்திற்கு முன்னோடி ஓர் ஆர்வலரே. ஆயின் இவ்விருவரும் செல்வமும் செல்வாக்கும் உடையோர் என்பதும் கருதத்தக்கது.

கணிப்பும் காட்சியும்

நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. ஆசியாவில் கணித அறிவியல்கள் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தைப் பிற்காலத்தார் அறிதல் வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அவ்வானாய்வகப் பொறுப்பை முன்னர் வகித்த ஜான் வாரனின் ‘கால சங்கலிதம்’ (1825) இக்கூற்றை மறுக்கும் சான்றைத் தருகிறது. புதுச்சேரியில் அவர் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்தில் அது 52 நிமிடமாயிற்று. கணிப்பு மரபு உயிருடன் இருந்தமைக்கு முதல் எண் சான்று. அதனைக் காட்சியோடு ஒப்பிட்டுத் திருத்தக் கருவி வாய்க்காமைக்கு இரண்டாம் எண் சான்று எனலாம்.

இவ்விடைவெளியை உணர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் தோன்றிச் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய அவர், 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். காட்சியோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874ஆம் ஆண்டுச் சொற்பொழிவில், இந்தியர் பயிற்சி பெறத்தக்க வானாய்வகம் ஒன்று வேண்டுமென வலியுறுத்தினார். 1880இல் அவர் மறைந்தார். அக்கனவு அவர் காலத்தில் கைகூடவில்லை. கருவி யாருடைய கையில் இருத்தல் வேண்டும் என்பதே அவர் எழுப்பிய வினா.

பெரிய ஆடியும் எளிய தாங்கியும்

இவ்வினாவிற்கு விடை பிறிதோர் இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தாமே ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்வோர் 1926 முதல் ஸ்டெல்லாஃபேன் குன்றில் கூடத் தொடங்கினர். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் துறவியாயிருந்த ஜான் டாப்சன், கழிவுக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, மரப்பலகைத் தாங்கியில் பொருத்தினார். 1968இல் அவரும் தோழர்களும் தொடங்கிய அமைப்பு, பெரிய தொலைநோக்கிகளைத் தெருவோரத்தில் நிறுத்தி வழிப்போக்கர்க்கு வானைக் காட்டியது. ஒளி திரட்டும் திறன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதமாகும். எனவே இன்றைய ஆர்வலரின் 12 அங்குல ஆடி, பெட்ரியின் 3 அங்குல வில்லையைவிட 16 மடங்கு ஒளியைத் திரட்டும்.

சங்கரன்கோவிலின் வானம்

தமிழகத்தில் ஆர்வலர் பெருந்திரளாகக் கூடியவை பெரும்பாலும் கிரகணப் பொழுதுகளே. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 ஆகிய நாள்களின் வளையச் சூரிய கிரகணங்கள் இதற்குச் சான்று. இரவு வானுக்கென அமையும் முகாமுக்கும் தென்பகுதி மிகவும் ஏற்றது. சங்கரன்கோவில் ஏறத்தாழ 9.2 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஸ்டெல்லாஃபேனில் அடிவானுக்கு மேல் எழாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கு 33 பாகை உயரம்வரை ஏறும். தென்சிலுவையும் 21 பாகை அளவிற்கு உயரும். இரகுநாதாச்சாரியின் விண்மீன் தென்வானில் ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் உச்சம் அடையும். மிரா வகையைச் சார்ந்த அவ்விண்மீன் ஒளி குன்றும் காலத்தில் அதனைப் பின்தொடரப் பெரிய ஆடி இன்றியமையாதது. இத்தகைய விண்மீன்களின் ஒளி மாற்றத்தைப் பதிவு செய்வது இன்றும் ஆர்வலர் வானியலுக்கு வழங்கும் மெய்யான பங்களிப்பாகும்.

ஆயின் அடிவானை ஒட்டிய தென்வானமே ஊர்விளக்குகளின் ஒளியால் முதலில் மறையும் பகுதி. கருவி கிட்டிய காலத்தில் இருள் கைநழுவிப் போகிறது என்பது இவ்வரலாற்றின் முரண்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வான்நோக்கு முகாம் என்பது இரகுநாதாச்சாரி விழைந்த பொதுப் பயிற்சிக் களத்தின் எளிய வடிவம் என்பது பெறப்படும். அம்முகாம்களின் பதிவேடுகளும் ஆர்வலர் தாமே செய்த கருவிகளும் தமிழக அறிவியல் வரலாற்றின் மூலச் சான்றுகளாகத் திரட்டப்படுதல் வேண்டும். தென்மாவட்டக் கல்லூரிகள் தம் ஊர்ப்புறத்து இருள்வெளிகளை இப்பொழுதே அளந்து பதிவு செய்தல் அதற்கு முதற்படியாக அமையும்.