மிட்செல் 300, அபு கார்டினல்: நீடித்து உழைக்கும் ரீல் எது?

ஆற்றிலும் ஏரியிலும் மீன் பிடிக்க ஸ்பின்னிங் ரீல் வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, “பேரிங் எத்தனை?” என்றுதான். பெட்டியிலும் 10+1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த ரீல் பத்து வருஷம் உழைக்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. பதில் வேண்டுமானால், ஏற்கெனவே ஐம்பது வருஷம் உழைத்துக் காட்டிய ரீல்களைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தகுந்தவை இரண்டு: பிரான்சில் பிறந்த மிட்செல் 300, சுவீடனில் பிறந்த அபு கார்டினல். இரண்டிலும் பேரிங்குகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் இரண்டும் இன்றைக்கும் தண்ணீரோரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கார்டினல் நீடிப்பது எளிதில் தேயாததால். மிட்செல் நீடிப்பது தேய்ந்ததை மாற்றிக்கொள்ள முடிவதால். புது ரீல் வாங்குகிறவர் இந்த இரண்டில் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

இரண்டுமே கடிகாரத் தொழிலின் வாரிசுகள். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது குளூஸ் என்ற ஊர். 1848-இலேயே அங்கே கடிகாரத் தொழில் கற்றுத்தர அரசுப் பள்ளி நிறுவப்பட்டது. அந்த ஊரின் கார்பனோ அண்ட் போன்ஸ் நிறுவனம்தான் மிட்செலைத் தயாரித்தது. வடிவமைத்தவர் மோரிஸ் ஜாக்மன். சுவீடனின் ஸ்வெங்ஸ்டாவில் 1921-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ‘கடிகாரத் தொழிற்சாலை’ என்ற பொருள் தருவது; அதன் சுருக்கம்தான் அபு. அங்கே டாக்ஸி மீட்டர்களும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாட்டால் டாக்ஸிகள் ஓடாமல் போக, மீட்டர் செய்த கைகள் ரீல் செய்யத் திரும்பின. 1952-இல் வந்த அதன் அம்பாசிடர் 5000 உலகப் புகழ் பெற்றது. கார்டினல் வரிசை வந்தது 1960-களின் நடுவில். சின்னப் பல்சக்கரங்களைப் பிசிறில்லாமல் வெட்டத் தெரிந்தவர்கள் ரீல் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டும் சாட்சி. ஆனால் இருவரும் வெட்டிய பற்கள் வேறு வேறு.

ஸ்பின்னிங் ரீலின் உயிர் அதன் கியரில் இருக்கிறது. நாம் சுற்றும் ஹேண்டிலின் அச்சு குறுக்கே கிடக்கிறது. லைனை ஸ்பூலில் சுற்றும் ரோட்டரின் அச்சு நீளவாக்கில் கிடக்கிறது. இந்தச் சுழற்சியை அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும். மிட்செல் 300 இதைப் பெவல் கியரால் செய்கிறது. பெரிய சக்கரத்தின் முகத்தில் வெட்டிய பற்கள், சின்னப் பினியனின் பற்களைப் பிடித்துத் தள்ளுகின்றன. சக்தி வீணாவது குறைவு. பாரம் ஏறினாலும் ஹேண்டில் சுற்றும். ஆனால் எந்த நேரத்திலும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் பற்கள் சிலவே. எல்லாப் பாரமும் அவற்றின் மேல்தான். நெடுநாள் உழைத்த மிட்செலைச் சுற்றினால் உள்ளங்கையில் ஒரு மெல்லிய நறநறப்பு தெரியும்.

கார்டினல் 3, 4, 33, 44 முதலியவற்றில் இருப்பது வார்ம் கியர். திருகாணியின் புரி போல நீண்டு சரிந்த பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். ஒரே நேரத்தில் அதிகப் பரப்பு தொட்டுக்கொண்டிருப்பதால் பாரம் பரவிவிடுகிறது. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஜப்பானில் மலை ஓடைகளில் டிரவுட் பிடிக்கிறவர்கள் கார்டினல் 3, 33 மாடல்களை விடாமல் கேட்டு, பழைய அமைப்பிலேயே மறுபடி தயாரிக்க வைத்ததற்கு இந்த வழவழப்பு ஒரு பெரிய காரணம். வழுக்கி ஓடுகிற பல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கிரீஸ் வற்றக் கூடாது. உராய்வு அதிகம் என்பதால் பெரிய மீனை இழுக்கும்போது ஹேண்டில் கொஞ்சம் கனக்கவும் செய்யும். இப்படிப் பல் வெட்டச் செலவும் பிடிக்கும். அதனால்தான் அந்த அமைப்பு இன்றைய கடைகளில் அரிதாகிவிட்டது. தேய்மானம் ஒன்றை மட்டும் வைத்துச் சொன்னால் கார்டினலுக்கே என் ஓட்டு.

ஆனால் எல்லா ரீலும் ஒருநாள் திறக்கப்பட்டே ஆக வேண்டும். அங்கே மிட்செல் முந்துகிறது. பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால் மொத்த இயந்திரமும் ஒரே பார்வையில் கிடக்கிறது. பெரிய கியர் கையோடு வந்துவிடும். ஸ்பூலை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகத்தையும் பார்க்கலாம். லைனைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றவைக்க 1960-களில் இதில் சேர்த்த கூடுதல் சக்கர அமைப்புக்கு ‘பிளானமேட்டிக்’ என்று பெயர். அதையும் கழற்றிக் கழுவி மாட்டலாம்.

திறந்தவுடன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. பற்களின் இடுக்கில் கறுத்துப்போன கிரீஸைக் கொஞ்சம் விரலில் எடுத்து, கட்டை விரலால் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெறும் கறுப்பாக இருந்தால் அழுக்கு. பொடிப் பொடியாக மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் அது கியரின் பல்; உலோகம் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கலாம். மினுமினுப்பு தொடர்ந்தால் கியரை மாற்ற வேண்டியதுதான். மிட்செல் 300 ஏராளமாக விற்ற ரீல் என்பதால், பழைய ரீல்களிலிருந்து கழற்றிய கியர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் கிடைக்கிறது. கார்டினலின் உதிரி பாகத்துக்கு அதைவிட அதிகம் தேட வேண்டும், அதிகம் கொடுக்கவும் வேண்டும்.

மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். மிட்செலின் டிராக் முன்னால், ஸ்பூலுக்குள் இருக்கிறது. கார்டினலில் பின்னால், உடலின் வாலில் இருக்கிறது. கட்லா மாதிரி நீண்ட ஓட்டம் ஓடும் மீனோடு போராடும்போது, சுழலும் ஸ்பூலுக்குக் குறுக்கே கையை நீட்டாமல் பின்னால் இருக்கும் குமிழைத் திருப்புவது எளிது. ஈரமும் மண்ணும் அங்கே போவதும் குறைவு. ஆனால் முன் டிராக்கில் பெரிய வாஷர்களுக்கு இடம் உண்டு. பாரமும் சூடும் நன்றாகப் பரவும். இன்றைய உறுதியான ரீல்களில் பெரும்பாலானவை முன் டிராக்கோடு வருவதற்கு இதுவே காரணம்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம், லைனை அள்ளும் பெயிலை மூடும் பெயில் ஸ்ப்ரிங். வளைத்த கம்பிதான், ஒவ்வொரு முறை வீசும்போதும் அது வளைந்து நிமிர்கிறது, என்றாவது ஒருநாள் முறிகிறது. பெட்டியில் ஒரு ஸ்ப்ரிங் உபரியாக இருந்தால் கவலை இல்லை. இன்னொன்று, இரண்டுமே நைலான் லைன் காலத்து ரீல்கள். பின்னல் லைன் பரவலானது 1990-களில்தான். மெல்லிய பின்னல் லைன், சுழலாமல் இறுகிப்போன பழைய லைன் ரோலரில் அறுவைக் கம்பி போலக் கோடு கிழித்துவிடும். பின்னல் லைன் போடுகிறவர் எந்த ரீலானாலும் முதலில் ரோலர் தாராளமாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நன்னீரில் ரீலைக் கொல்வது உப்பு அல்ல. அணைக்கட்டின் வண்டலும், கரை மணலில் ரீலை அப்படியே கிடத்துவதும், வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் கிரீஸ் உருகி ஓரத்துக்கு ஒதுங்குவதும்தான். ஆகாயத்தாமரைக்குள்ளிருந்து விராலை டிராக் இறுக்கி வெளியே இழுக்கும்போது கியரும் ஆன்ட்டி ரிவர்ஸும் வாங்கும் அடி தனி. பெட்டியில் போட்டிருக்கும் 10+1-இல் அந்த ‘+1’ பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சுழலும் ஆன்ட்டி ரிவர்ஸ் பேரிங்கைக் குறிக்கும். ஹேண்டில் துளிகூடப் பின்னால் ஆடாமல் நிற்பது அதனால்தான். ஆனால் அதற்குள் எண்ணெயோ கிரீஸோ அதிகம் புகுந்தால் வழுக்கிவிடும். பழைய ரீல்களில் இருப்பது பல்லும் கொக்கியும். ஹேண்டில் கொஞ்சம் ஆடும், பிடித்தால் விடாது.

ஆக, புது ரீல் வாங்குகிறவர் பேரிங் எண்ணிக்கையை விட்டுவிட்டு கியர் எந்த உலோகம் என்று கேட்க வேண்டும். மலிவு ரீல்களில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்த கியர் சாதாரணம்; விராலுக்கு அது போதாது. ஷிமானோவின் ஹகானே கியர் போலக் குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கியதோ, இயந்திரத்தில் வெட்டியதோ, பித்தளைக் கியரோ இருந்தால் வாங்கலாம். அடுத்து ஹேண்டில். அச்சில் நேராகத் திருகி ஏறும் ஹேண்டில் ஆடாது. ஒரு ஸ்க்ரூவால் இறுக்கிப் பிடிக்கும் ஹேண்டில் நாளடைவில் ஆட ஆரம்பிக்கும். பிறகு ரோட்டரைக் கையில் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். காதருகே வைத்து மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நல்ல ரீல்தான். உடல் உலோகமா என்பதையும் பாருங்கள். பாரம் ஏறும்போது உடல் வளைந்தால் உள்ளே இருக்கும் நல்ல கியரும் இடம் மாறிக் கடித்துத் தேயும்.

பழைய ரீலையே வாங்க நினைப்பவர் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அமெரிக்காவில் மிட்செலை விற்ற கார்சியா நிறுவனம் 1970-களின் இறுதியில் நொடித்தது. அந்தப் பெயரை வாங்கிய அபு, ‘அபு கார்சியா’ ஆனது. பிறகு அபுவும் மிட்செலும் பியூர் ஃபிஷிங் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டன. கார்டினல் என்றும் மிட்செல் 300 என்றும் பெயர் தாங்கிப் பின்னால் வந்த ரீல்கள் பலவற்றுக்கும் பழைய இயந்திரத்துக்கும் உறவு கிடையாது. கார்டினலில் வார்ம் கியரும் ‘மேட் இன் சுவீடன்’ முத்திரையும், மிட்செலில் பிரான்சின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். மிட்செல் 300-இன் ஹேண்டில் இடப்பக்கம் மட்டுமே. வலக்கையால் சுற்றுகிறவர் 301-ஐத் தேட வேண்டும்.

வாரம் தவறாமல் ஆற்றுக்குப் போய், சின்ன லூர் வீசி, கிரீஸ் வைக்கச் சோம்பாதவருக்கு நான் கார்டினலைச் சொல்வேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து ரீலின் உள்ளைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞருக்கு மிட்செல். விராலையும் கட்லாவையும் நம்பி இருப்பவருக்கு இரண்டும் வேண்டாம்: உலோக உடல், வெட்டிய கியர், முன் டிராக் கொண்ட 3000 அல்லது 4000 அளவுப் புது ரீல் போதும். பணம் கொடுப்பதற்கு முன், அந்த மாடலுக்குப் பெயில் ஸ்ப்ரிங்கும் லைன் ரோலரும் தனியாகத் தருவீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தலையை ஆட்டினால் போதாது. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.