பாலில் அஃப்ளாடாக்ஸின்: மழைக்காலத்தில் புண்ணாக்கைக் கவனியுங்கள்

ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காத பாலும் உணவுப் பாதுகாப்பு ஆய்வில் தேறாமல் போகலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்ஸின் எம்1 என்ற நச்சு, அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. இதில் தமிழ்நாடுதான் முதலிடம்: 551 மாதிரிகளில் 88.

இந்த நச்சை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. தீவனத்தில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சாணம் பி1 என்ற நச்சை உண்டாக்குகிறது. மாட்டின் கல்லீரலில் அது எம்1 ஆக மாறிப் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. சொசைட்டியில் பார்க்கும் பால்மானியும் கொழுப்புச் சோதனையும் இதைக் காட்டா.

கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 உள்ள தீவனத்தில் 4 கிலோ தின்னும் மாடு 10 லிட்டர் கறக்கிறது என்போம். தின்ற 400 மைக்ரோகிராமில் 2 சதவீதம் பாலுக்கு வந்தாலே லிட்டருக்கு 0.8 ஆகிவிடும். பாலில் அனுமதி கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். அதனால்தான் கலப்புத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூன்றிலும்தான் ஆபத்து அதிகம். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். மக்காச்சோளத்தை ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வைத்த பிறகே மூட்டை கட்டுங்கள்.

பூஞ்சாணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டுப் போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. பச்சை நிறம் போகும், நச்சு போகும் என்று நம்ப முடியாது. ஆட்டுக்கோ கோழிக்கோ மாற்றிப் போடவும் வேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது காரணம் கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்துதான் இந்த நச்சே கண்டுபிடிக்கப்பட்டது. குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? உடனே நிறுத்துங்கள்; நான்கைந்து நாட்களில் பாலில் நச்சு வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அந்த மாட்டுப் பாலைத் தனியாக வையுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். நச்சை ஈர்க்கும் மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் தீவனத்தில் கலக்கலாம்.