குடவோலையும் ஒரு பைட்டும்

30 பேர்ல ஒருத்தரைக் குலுக்கல்ல எடுக்கணும். லினக்ஸ்ல யூரேண்டம்லேர்ந்து ஒரு பைட் படிச்சு, 30-ஆல் வகுத்து, மீதியை எடுத்தா போதும்னு தோணும். போதாது. பைட்டுக்கு 256 மதிப்புகள். 30-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 16. அதனால 0 முதல் 15 வரை உள்ளவங்களுக்கு 9 வாய்ப்பு, மத்தவங்களுக்கு 8தான். 240-ம் அதுக்கு மேலும் வந்தால் தள்ளிட்டு அடுத்த பைட்டைப் படிக்கணும். அப்பதான் சமம்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) இந்தச் சிக்கலே இல்லை. பேருக்கு ஓர் ஓலை; மீதி விழாது. அவர்கள் கவலை வேறு: எடுக்கிற கை. அதனால்தான் குடத்தைக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை எடுக்க வைத்தார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கணும். படித்ததை மற்றவர்களும் படிக்கணும்.

ஆனால் 921-ஆம் ஆண்டு விதிப்படி, பிராமணர் சபையான அதில் குடத்துக்குள் பெயர் போக 35 முதல் 70 வயதும், பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலமும், வேதக் கல்வியும் வேணும். பூதலூர்ப் பக்கக் கணக்கில் வேலிக்கு 20 மா. கால் வேலி 5 மா, சுமார் 1.67 ஏக்கர். உழுத கைகளின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையா இருந்தாலும், குடத்துக்கு வெளியே நிக்கிறவருக்கு வாய்ப்பு பூஜ்ஜியம்தான்.