கடலூர் சிப்காட் வட்டாரம்: காற்றும் தேக சுகமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே, குடிகாடு, ஈச்சங்காடு முதலிய கிராமங்களை அடுத்து 1980களில் சிப்காட் என்னும் அரசு நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை, மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றுக்குரிய இரசாயனங்களைச் செய்யும் ஆலைகளுக்கு இருப்பிடமாயிற்று. இப்பிரதேசத்துக்கு ஆலைத்தொழில் புதிதன்று. தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய இரும்பாலை, அடுப்புக்கரிக்காகக் காடுகளை அழித்தது. அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. சிப்காட் காற்றில் கலந்ததை முதலில் அறிந்ததோ குடியிருப்போரின் நாசியே.

அழுகிய முட்டைபோல் நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, சிறிதளவில் கண்ணெரிச்சலையும் இருமலையும் தலைவலியையும் தருவது. செறிவு மிகுந்தவிடத்து மோப்ப உணர்வையே மரக்கச் செய்வதாகையால், நாற்றம் நின்றதும் அபாயம் நீங்கியதென்று எண்ணுவது பெரும்பிழை. பென்சீனோ மெல்லிய இனிய வாசனையுடையது; நெடுங்காலம் சுவாசித்தால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. தேக எடைக்கு ஒப்ப நோக்கின் பெரியோரினும் மிகுதியாகக் காற்றை உட்கொள்ளும் குழந்தைகளையே இவை முந்தித் தாக்குகின்றன.

நாற்றம் வந்த வேளையையும் திசையையும் குறித்துவைக்கப் பழகிய கிராமத்தார், 2004இல் மூடியிட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, வாளியின் காற்றை வெளியே இழுப்பதால் பை தானே புறக்காற்றை நிரப்பிக்கொள்ளும் எளிய உபாயத்தால் மாதிரிகளைச் சேகரித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப, 22 இரசாயனங்களும், அவற்றுள் புற்றுநோய் விளைப்பவை 8 என்பதும் வெளிப்பட்டன. பட்டம் பெற்ற நிபுணர் செய்யாது விட்டதை இவர்கள் செய்தனர் என்பது மிகையாகாது. பின்னர் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், இங்கு வாழ்வோர்க்குப் புற்றுநோய் அபாயம் இயல்பைவிடக் குறைந்தபட்சம் 2,000 மடங்கு மிகுதி என மதிப்பிட்டது. இது காற்றின் கலப்பிலிருந்து கணித்த அபாயமேயன்றி, நோயாளிகளை எண்ணிக் கண்ட தொகையன்று. இவ்வேறுபாட்டைப் பத்திரிகைகள் பலகால் மறந்துவிடுகின்றன.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 பெற்றது; 70ஐத் தாண்டியவை கடும் மாசுற்றவை எனக் கொள்ளப்பட்டமையால், 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்கும் விஸ்தரிப்புக்கும் மத்திய அரசு தடை விதித்தது.

மாசு காற்றோடு நிற்பதில்லை. உப்பனாற்றின் சேற்றிலும் ஜீவராசிகளிலும் கன உலோகங்கள் சேர்வதை, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்து ஆராய்ச்சியாளர்கள் ஆய்ந்துள்ளனர். நீரை வடித்துண்ணும் மட்டியும் சேற்றில் இரைதேடும் நண்டும் அவ்வுலோகங்களை உடலில் தேக்குவனவாதலால், ஆலைப்புகையை ஒருநாளும் சுவாசித்திராத நகரவாசியையும் சந்தை வழியே அவை சென்றடையக் கூடும்.