சிவாகம ஏடுகளும் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவும்

திருநெல்வேலிச் சீமையின் வடபால் விளங்கும் சங்கரன்கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் ஆடித் தவசுத் திருவிழாவைச் சைவ நன்மக்கள் நன்கறிவர். நாகர் தலைவராகிய சங்கன், பதுமன் என்னும் இருவருள் ஒருவன் சிவபெருமானே முதல்வன் என்றும், மற்றவன் திருமாலே முதல்வன் என்றும் வாதிட்டு முடிவு காணாது அம்மையைச் சரணடைந்தனர் என்பதும், கோமதியம்மை தவமியற்ற, இறைவன் சங்கரநாராயணத் திருவுருவிற் காட்சி தந்து அவ்வழக்கைத் தீர்த்தருளினன் என்பதும் அத்தல வரலாறு. ஒரு பாகத்தை மட்டும் நோக்கி மறு பாகத்தை மறுப்பார்க்கு அத்திருவுருவம் முழுதும் புலப்படுவதன்று.

கல்வித்துறையிலும் இத்தகைய வழக்கொன்று நெடுநாளாக உண்டு. சிவாகமக் கல்வி ஆதீனங்களிலும் சிவாசாரியர் மனைகளிலும் குரு முகமாகக் கற்றார்க்கே கைவரும் என்பர் ஒரு சாரார். ஏடுகளை ஒப்பு நோக்கிப் பாடம் துணிந்து, காலம் வரையறுத்து ஆராயும் பல்கலைக்கழகப் பயிற்சியே தெளிவு தருவது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் வேண்டி நின்ற இடங்களிலேயே, அழியும் நிலையிலிருந்த ஆகமங்கள் பல பிழைத்தன. கடந்த எழுபது ஆண்டு வரலாறு இதனை ஐயமறக் காட்டுகின்றது. அவ்வரலாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படும்.

சிவாகமங்கள் காமிகம் முதல் வாதுளம் ஈறாக இருபத்தெட்டு என்பதும், அவை சிவபேதம் பத்தும் உருத்திரபேதம் பதினெட்டுமாக வகுக்கப்பெறும் என்பதும் யாவரும் அறிந்தனவே. திருமூலர் தம் திருமந்திரத்துள் ஒன்பது ஆகமங்களைப் பெயர் சுட்டிக் கூறினார். சங்கரன்கோயில் அமைந்த அதே திருநெல்வேலிச் சீமையில், பொதியமலைச் சாரலிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றித் திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி 1785-இல் சிவபரிபூரணம் எய்திய சிவஞான முனிவர், தம் மாபாடியத்துள் மிருகேந்திரம், மதங்கம், பௌட்கரம் முதலிய ஆகமங்களை எடுத்துக்காட்டிப் பொருள் துணிகின்றார். மாபாடியம் பயிலும் மாணவர், முனிவர் காட்டிய அவ்வாகமங்களை முழுமையாகக் காண்பது எங்ஙனம் என்று வினாவுதல் இயல்பு. நெடுங்காலம் அவ்வினாவுக்கு எளிய விடை இல்லை.

அதற்குக் காரணம் ஏட்டின் இயல்பே. பனையோலை தமிழ்நாட்டு வெப்பத்திலும் செல்லுப் பூச்சியின் வாயிலும் சில நூற்றாண்டுக்கு மேல் நில்லாது. தலைமுறைதோறும் பெயர்த்தெழுதுவார் இருந்த வரையில் நூல் இருந்தது. ஒரு குடும்பத்தில் கிரந்த எழுத்து வாசிப்பார் அற்ற அன்றே அக்குடும்பத்து ஏட்டின் ஆயுளும் எண்ணப்படுவதாயிற்று. அச்சு வந்தபின், தேவகோட்டைச் சிவாகம சித்தாந்த பரிபாலன சங்கத்தார் 1920-களிலும் 1930-களிலும் ஆகமங்கள் சிலவற்றை அரிது முயன்று வெளியிட்டனர். அவர் செய்த தொண்டு பெரிது. எனினும், அக்காலத்துப் பதிப்பாளர் பலர்க்கும் கிட்டிய ஏடுகள் சிலவே. ஏடு சிதைந்த இடத்து நூலும் சிதைந்தே நின்றது. காசுமீரத்திலும் மிருகேந்திரம் நாராயணகண்டர் உரையுடன் 1930-இல் அச்சேறிற்று. ஒரே ஆகமம் நாட்டின் இரு கோடியிலும் வழங்கியது புலனாயிற்றாயினும், இரு கோடி ஏடுகளையும் ஒருங்கு வைத்து நோக்கும் வாய்ப்புப் பின்னரே அமைந்தது.

அயல்நாட்டார் நிலையும் இன்னதே. ஆய்சிங்டன் என்னும் அமெரிக்கர் 1854-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தார். சோமரசு என்னும் ஜெர்மானியர் 1912-இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றித் தம் மொழியிற் பெருநூல் ஒன்று வெளியிட்டார். இவர்கள் பெரும்பாலும் தமிழ்ச் சாத்திரங்களைக் கொண்டே எழுதினர். அதனால், சித்தாந்தம் தமிழ்நாட்டளவிற் பிற்காலத்தே தோன்றியதொரு சமயம் என்னும் எண்ணம் மேலை நாடுகளிற் பரவலாயிற்று.

இந்நிலை மாறியது புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த அந்நகரம் 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் பொறுப்பில் வந்தது. மறு ஆண்டாகிய 1955-இல் அங்கே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவிய ழான் பிலியோசா என்பார் பாரிசு நகரத்துக் கொலேழ் து பிரான்சு என்னும் உயர்கல்விக் கழகத்துப் பேராசிரியர், மருத்துவம் கற்றவர், வடமொழியும் தமிழும் பயின்றவர். ஆகமங்களை அறியாது தென்னாட்டுக் கோயில்களை அறிதல் இயலாது என்பது அவர் துணிபு. அத்துணிபைச் செயலாக்கியவர் வடமொழிப் புலவராகிய என். ஆர். பட் ஆவர். அவரும் உடனிருந்த பண்டிதர்களும் ஊர்தோறும் கோயில்தோறும் சென்று ஏடுகளைத் திரட்டினர். கொடுக்க இசையாதாரிடத்துப் படியெடுத்துக் கொணர்ந்தனர். இவ்வாறு திரண்டவை ஏறத்தாழ 8,600 ஓலைக்கட்டுகள். அவற்றுட் பெரும்பாலன கிரந்த எழுத்தில் அமைந்தவை.

திரட்டியதோடு நில்லாது, பல ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களைப் பக்கத்தின் அடியிற் குறித்து, இரௌரவாகமம் 1961-இலும், மிருகேந்திரம் 1962-இலும், அசிதாகமம் 1964-இலும், மதங்கபாரமேசுவரம் 1977-இலும் பட் அவர்களால் வெளியிடப்பெற்றன அல்லது வெளிவரத் தொடங்கின. எலேன் புருன்னர் என்னும் அம்மையார் சோமசம்பு பத்ததியைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு நான்கு பகுதிகளாக 1963 முதல் 1998 வரை வெளியிட்டார். 2010-இல் வெளிவரத் தொடங்கிய சூக்குமாகமப் பதிப்பில் சம்பந்த சிவாசாரியர் பெயர் பிரெஞ்சுப் பேராசிரியர் பெயர்களுடன் ஒருங்கு விளங்குகின்றது. கிரியை மரபில் வந்தவர் பொருளறிந்து சொல்ல, ஒப்பு நோக்கும் முறை வல்லார் பாடம் துணிய, இருவர் கல்வியும் ஒரு நூலிற் சேர்ந்தது என்க.

ஆயினும் தென்னாட்டு ஏடுகள் மட்டும் போதுமானவை அல்ல. நேபாளத்தின் குளிர்ந்த காற்றில் ஓலைகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் கெடாது நிற்கின்றன. 1970-இல் நேபாளமும் ஜெர்மனியும் கூடித் தொடங்கிய ஏட்டுப் பாதுகாப்புத் திட்டம் அந்நாட்டு ஏடுகளை ஒரு நூறாயிரத்துக்கு மேல் நுண்படச்சுருளிற் பதிந்தது. காத்மாண்டுவிலுள்ள ஏடு ஒன்று ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் புதுச்சேரியிலும் ஒருங்கே வாசிக்கப்படும் நிலை அதனால் உண்டாயிற்று.

அதன் பெரும்பயன் நிசுவாச தத்துவ சங்கிதையின் பதிப்பு. நிசுவாசம் என்னும் பெயர் இருபத்தெட்டு ஆகம வரிசையுள் உள்ளது. அச்சங்கிதையின் பழம்பாடம் காத்மாண்டுவில் ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் ஓலைச்சுவடி ஒன்றில் எஞ்சியிருந்தது. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்து அலெக்சிசு சாண்டர்சன், அம்பர்க்குப் பல்கலைக்கழகத்து அருணாக ஐசக்சன், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் புதுச்சேரி நிலையத்துத் தொமினிக் குடால் ஆகியோரும் நேபாள நாட்டறிஞரும் அதனை ஒருங்கு பயின்றனர். அதன் பழைய பகுதிகள் 2015-இல் வெளியாயின. அதனை வெளியிட்டவை புதுச்சேரியின் இரு பிரெஞ்சு நிறுவனங்களும் அம்பர்க்குப் பல்கலைக்கழகமும் ஆம். ஒரு நாட்டு ஏடு, மற்றொரு நாட்டுப் பொருள், வேறொரு நாட்டுப் புலமை ஆகிய இவை கூடினாலன்றி அந்நூல் வெளிவந்திராது.

இவ்வாராய்ச்சியால் விளங்கிய உண்மை யாது? சைவ சித்தாந்தம் காசுமீரத்திலும் நேபாளத்திலும் நடுநாட்டிலும் தென்னாட்டிலும் ஒருகாலத்துப் பரவி நின்ற பெருநெறி என்பதே. காசுமீரத்து நாராயணகண்டரும் அவர் மகனார் இராமகண்டரும் பத்தாம் நூற்றாண்டை ஒட்டி ஆகமங்களுக்கு உரை கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு அகோரசிவாசாரியர் அக்காசுமீர ஆசிரியர் நூல்களுக்கு விளக்கம் எழுதினார். மாளவ நாட்டுப் போசராசனது தத்துவப் பிரகாசிகைக்கும் உரை செய்தார். பல்கலைக்கழகம் என்னும் பெயர் வழங்காத காலத்தும் நாடு கடந்த கூட்டுறவு சைவர்க்குப் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும். மேலை நாட்டார் கொண்டிருந்த பழைய பிழையெண்ணமும் இவ்வாறே நீங்கிற்று.

இவ்விடத்தே ஒரு தடை எழும். மிகப் பழைய ஆகமங்கள் தீக்கையின் ஆற்றலையும் கிரியையையும் முதன்மையாகப் பேச, மெய்கண்ட சாத்திரங்களோ ஞானத்தையும் அன்பையும் மிகுத்துப் பேசுகின்றன என ஆராய்ச்சியாளர் காட்டுவர். இது கேட்டு, தமிழ்ச் சித்தாந்தம் ஆகமத்தினின்று விலகியது போலும் என மருள்வாரும் உளர். ஆராய்ச்சியே சமயத்துக்குப் பகை என்று வெகுள்வாரும் உளர். இரண்டும் வேண்டா. ஆகமங்கள் தம்முள் மாறுபடுவன போலத் தோன்றும் இடங்களை மறையாது எடுத்துக்கொண்டு, தடையும் விடையுமாக ஆராய்ந்து, அவற்றின் கருத்தை ஒருமைப்படுத்துவதே மாபாடியத்தின் நெறி. வேறுபாட்டைக் கண்டு அஞ்சியவர் மாபாடியம் போன்றதொரு நூலைச் செய்திருத்தல் இயலாது. முனிவர்க்குக் கிட்டாத ஏடுகள் இன்று கிட்டுமாயின், அவர் வழிவந்தோர்க்கு வேலை கூடிற்று என்பதல்லது வேறு தீங்கு இல்லை.

ஏடு அயலார் கைக்குப் போயிற்று, புகழும் அவர்க்கே போயிற்று என்று வருந்துவார் சொல்லிலும் ஒரு சிறிது உண்மை உண்டு. ஓலையை வாசித்துப் படியெடுத்த பண்டிதர் பலர் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறவில்லை. கூட்டுறவு என்பது உழைத்தார் அனைவர் பெயரையும் உடன்வைத்தல் என்பதை இனி வரும் பதிப்பாளர் மறவாதிருத்தல் வேண்டும். ஆனால் ஏடு புதுச்சேரியில் இருத்தலால் இழந்தது யாதுமில்லை. யுனெசுகோ நிறுவனம் 2005-இல் புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் ஏறத்தாழப் பதினோராயிரத்தை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துச் சிறப்பித்தது. காகிதப் படிகள் பலவற்றின் படங்கள் இன்று கணிப்பொறி வழியே எங்கிருந்தும் காணத்தக்கன.

பிலியோசா பெயர் தமிழாராய்ச்சியிலும் நினைக்கத்தக்கது. 1964 சனவரியில் புதுதில்லியிற் கூடிய இருபத்தாறாவது கீழ்நாட்டியல் அறிஞர் மாநாட்டின்போது, மலாயாப் பல்கலைக்கழகத்துத் தனிநாயக அடிகள், கேரளப் பல்கலைக்கழகத்து வ. அய். சுப்பிரமணியம் முதலியோர் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் பிலியோசாவே. மன்றத்தின் முதல் மாநாடு 1966-இற் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968-இற் சென்னையிலும், மூன்றாவது 1970-இற் பாரிசிலும் கூடின. ஆகமத்துக்கு ஏடு கூட்டியது போலவே தமிழுக்கு ஆள் கூட்டிய முயற்சி அது.

இனிச் செயற்பாலது யாது? ஏட்டின் படம் உலகெங்கும் செல்கின்றது. அதனை வாசிப்பார் தொகையோ குறைந்து வருகின்றது. கிரந்த எழுத்து அறிந்து, வடமொழியும் தமிழும் வல்லராய், கிரியை மரபும் தெரிந்தவர் மிகச் சிலரே. இக்குறையை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தீர்த்தல் இயலாது. அவை பொருளும் கருவியும் தரும். மரபறிந்த மாணாக்கரைத் தருதல் ஆதீனங்களுக்கும் ஆகம பாடசாலைகளுக்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குமே உரிய கடன். ஓர் ஆதீனம் ஆண்டுக்கு இரண்டு இளைஞரைக் கிரந்தம் பயிற்றி, பல்கலைக்கழகம் ஒன்று அவர்க்குப் பதிப்பு முறை கற்பித்து, இருவர்க்கும் உணவும் உறையுளும் அமைத்துக் கொடுக்குமாயின், பத்தாண்டில் இருபது பேர் உளராவர். சிவாசாரியர் மனைகளில் இன்னும் பரண்மேற் கிடக்கும் ஏடுகளை வீட்டினின்று எடாமலே படம்பிடித்து, ஒரு படி வீட்டார்க்கும் ஒரு படி நூலகத்துக்கும் அளித்தல் ஒண்ணும். அவ்வாறாயின் கொடுப்பார்க்கு இழப்பும் அச்சமும் இல்லை.

சங்கனும் பதுமனும் தம் வழக்கை விட்டது ஒருவன் வென்று மற்றவன் தோற்றதனால் அன்று. இருவரும் ஒன்றைக் கண்டதனால். அவ்வாறு காணுதற்கு ஏடு இன்னும் எஞ்சியுள்ளது. வாசிப்பாரைத் தேடுதலே எஞ்சிய வேலை.