குப்பைமேட்டின் காவலர்

கிருமி என்று சொன்ன மாத்திரத்தில் மாணவர் முகம் சுளிக்கின்றனர். அவற்றுள் நம்மைக் காப்பனவும் உள என்பதைப் பாடநூல் ஓரிரு வரிகளிற் கூறி அப்பாற் போய்விடுகிறது. அவ்வரிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1905-இல் இந்தியா வந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிராய்வு நிலையத்தை நடத்தினார். சருகு, பயிர்த் தண்டு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கி, ஈரம் காயாமலும் காற்றுப் புகுமாறும் புரட்டி, மூன்று திங்களில் எருவாக்கும் முறையை அங்கே வகுத்தார். சீன உழவரிடமிருந்தும் அவர் பாடம் கற்றார். குவியலின் உள்வெப்பம் 65 பாகை செல்சியசு அளவுக்கு ஏறியது. தீ மூட்டியவர் எவருமிலர்; கழிவைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களின் வேலையே அது. ஈப்புழுக்களும், சாணத்தோடு வரும் நோய்க்கிருமிகளிற் பெரும்பாலானவையும் அவ்வெப்பத்தில் மடிகின்றன.

வெப்பம் தணிந்த பின் காவல் யார்? இதற்கு விடை மண்ணிலேயே இருந்தது. அமெரிக்காவில் ரட்கர்சு பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்சுமன், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று அடக்குவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1943-இல் அவருடைய மாணவர் ஆல்பர்ட் சாட்சு, நன்கு எருவிட்ட வயல் மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரில் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது, காசநோய்க்கு மருந்தாயிற்று. 1952-இல் நோபெல் பரிசு வாக்சுமனுக்கு மட்டுமே சென்றது. மாணவருக்கும் பங்கு தந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் சொல்வதால் சற்றே வியப்பாயிருக்கலாம்.

மருந்துக்கு அப்பால், எருவுக்கே உரிய சான்று 1985-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதிர்வீச்சால் உயிரனைத்தும் அழிக்கப்பட்ட எருவில் சால்மொனெல்லா என்னும் வயிற்றுநோய்க் கிருமியை இட்டபோது அது தழைத்துப் பெருகியது. தனக்குரிய நுண்ணுயிர்களோடு இருந்த எருவிலோ அதனால் பெருக முடியவில்லை. இரையும் இடமும் முன்பே பிறர் வசமாயிருக்க, வந்தேறிக்கு அங்கே வாழ்வில்லை. முற்றும் தூய்மையாக்கிய எருவே அதிக இடருக்கு இடந்தந்தது!

எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒருமுறை, துப்புரவு செய்வதாக நினைத்து ஒருவர் எருக்குழியில் கிருமிநாசினியை ஊற்றிவிட்டார். நல்ல எண்ணந்தான். ஆயினும் அந்தக் குவியல் வெகு நாள் சூடேறவில்லை.

திறந்தவெளியில் நீளக் குவிக்கும் எருவுக்கு அமெரிக்க விதி 55 பாகையில் 15 நாளும், அதற்குள் ஐந்து புரட்டலும் கேட்கிறது. வெளிப்புறம் ஆறியே கிடப்பதால், அது உள்ளே போகப் புரட்டுதல் இன்றியமையாதது. உறைவித்து கொண்ட சில பாக்டீரியாக்கள் அவ்வெப்பத்திற்கும் தப்பும். ஆகவே மண்வெட்டியை வைத்தபின் மாணவர் சோப்பிட்டுக் கை கழுவட்டும்.