ஆளுநர் பெயர் போய் உடன்படிக்கையின் பெயர்: ஹாலிஃபாக்ஸ் பூங்கா குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸ். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. கார்ன்வாலிஸ் பூங்கா என்று வழங்கிவந்த அது, 2021 ஜூன் 21 அன்று, கனடாவின் தேசியப் பழங்குடி மக்கள் நாளில், ‘சமாதான நட்புறவுப் பூங்கா’ ஆயிற்று. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களைச் சிறப்பிக்கும் மாற்றமாகவே இது பேசப்படுகிறது. அது பாதி உண்மைதான். இத்தகைய பெயர்மாற்றங்களில் பொதுவாகப் பழைய ஊர்ப்பெயர் மீட்கப்படும், அல்லது பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரின் பெயர் சூட்டப்படும். ஹாலிஃபாக்ஸ் இரண்டையும் விட்டு, 18ஆம் நூற்றாண்டு உடன்படிக்கைகளின் பெயரை எடுத்துக்கொண்டது. ஒரு தரப்பைப் போற்றுவதோடு நிற்காமல் இரு தரப்பையும் கடமைக்குள் நிறுத்தும் பெயர் அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. சிலை வந்த காலம்

எட்வர்ட் கார்ன்வாலிஸ் 1749இல் ஹாலிஃபாக்ஸை நிறுவிய பிரிட்டிஷ் ஆளுநர். 1752இல் ஊரை விட்டுப் போய்விட்டார். அவருக்குச் சிலை எழுந்ததோ 1931இல். ரயில் நிலையமும் அதை ஒட்டிய ஹோட்டலும் எழுந்த கையோடு, வந்திறங்குவோர் கண்ணில் படும் இடத்தில் அது நிறுவப்பட்டது. 182 ஆண்டுகள் கழித்து உருவாக்கப்பட்ட நினைவு அது என்பதை, சிலையை வரலாறாகவே கருதி வாதாடியவர்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்ளவில்லை.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. திப்புவின் மகன்களைப் பணயமாகப் பெற்ற, வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் கொண்டுவந்த சார்லஸ் கார்ன்வாலிஸ், எட்வர்டின் அண்ணன் மகன். அவர் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மகன்களை ஒப்படைக்கும் காட்சி அதன் பீடத்திலேயே செதுக்கப்பட்டிருப்பதால், எதற்காக வைத்த சிலை என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும்.

3. 1749 முதல் 1752 வரை

1725இல் பாஸ்டனில் கையெழுத்தாகி மறு ஆண்டு அனபோலிஸ் ராயலில் உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கை பிரிட்டிஷாருக்கும் மிக்மாக் மக்களுக்கும் இடையே ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் 1749இல் மிக்மாக் மக்களின் இசைவு பெறாமலே அவர்களுடைய துறைமுகக் கரையில் குடியேற்றம் தொடங்கியது. செப்டம்பரில் அவர்கள் போர் அறிவித்துக் கடிதம் அனுப்பினர். அம்மாத இறுதியில் எதிர்க்கரையில் இருந்த மர அறுவை ஆலை ஒன்று தாக்கப்பட்டதில் சிலர் இறந்தனர். உடனே கார்ன்வாலிஸின் ஆட்சிக்குழு, பிடிபடும் அல்லது கொல்லப்படும் ஒவ்வொரு மிக்மாக்கருக்கும் பத்து கின்னி வெகுமதி அறிவித்தது. கொன்றதற்குச் சான்று தலைத்தோல். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு அந்த ஆணையில் இல்லை.

அக்காலப் போர்முறையே அப்படித்தான் என்பது அவருக்காகச் சொல்லப்படும் சமாதானம். தலைத்தோலுக்கு விலை வைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பது மெய். ஆனால் அடுத்த ஆளுநர் பெரெக்ரின் ஹாப்சன், 1752 நவம்பரில் மிக்மாக் தலைவர் ழான்-பாப்டிஸ்ட் கோப்புடன் உடன்படிக்கை செய்தார். அதே காலம், அதே பதவி, வேறு முடிவு. காலத்தின் மீது பழிபோடும் வாதத்துக்கு இதுவே போதுமான மறுப்பு.

4. அகற்றிய வழி

மிக்மாக் மூத்தவரும் எழுத்தாளருமான டேனியல் பால், 1993இல் வெளியான தம் நூலில் அந்த வெகுமதி ஆணையை மையத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் நடந்தவை மெதுவாகவே நடந்தன. 2011இல் பள்ளி வாரியம் ஒரு பள்ளியிலிருந்து கார்ன்வாலிஸ் பெயரை எடுத்தது. 2017இல் நகரத்தின் அரசவைக் கவிஞராக இருந்த மிக்மாக் பெண் ரெபெக்கா தாமஸ் மாமன்றத்தில் கவிதை வாசித்தார். சிலை குறித்துக் கைவிடப்பட்டிருந்த விவாதம் மீண்டும் எழுந்தது. அந்தக் கோடையில் போராட்டக்காரர்கள் கூடியபோது மாநகராட்சி சிலையைத் துணியால் மூடியது. 2018 ஜனவரியில், சிலை குறித்த ஆலோசனைக் குழு இழுத்தடிக்கப்படுவதாகக் கூறி மிக்மாக் தலைவர்கள் பேரவை விலகியது. மாமன்றம் 12க்கு 4 என்று வாக்களித்து, மறுநாளே சிலையை இறக்கியது.

பெயரை மாற்றுவதற்கு இன்னும் மூன்றாண்டு பிடித்தது. மாநகராட்சியும் மிக்மாக் தலைவர்களும் கூட்டாக அமைத்த பணிக்குழு 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. சிலை திரும்பவும் பூங்காவுக்கு வரக்கூடாது, உரிய விளக்கத்தோடு அருங்காட்சியகத்தில் வைக்கலாம், பூங்காவுக்கும் கார்ன்வாலிஸ் தெருவுக்கும் வேறு பெயர் வேண்டும் என்றது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற கூச்சலுக்கு அந்த அறிக்கையே பதில்.

5. பெயருக்குள் இருக்கும் கடமை

1725 முதல் 1779 வரை தொடர்ந்த இந்த உடன்படிக்கைகளில் மிக்மாக் மக்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை 1752 உடன்படிக்கையில் எழுதி வாங்கினார்கள். 1985இல் வேட்டை வழக்கு ஒன்றில் கனடா உச்ச நீதிமன்றம், அது இன்றும் செல்லும் என்றது. 1999 செப்டம்பர் 17 அன்று மிக்மாக்கரான டொனால்ட் மார்ஷலின் வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அவர் பிடித்தது 463 பவுண்டு விலாங்கு, விற்றது 787 டாலருக்கு. 1760–61 உடன்படிக்கைகளின்படி மிதமான வாழ்வாதாரத்துக்காக மீன் பிடித்து விற்கலாம் என்றது நீதிமன்றம். அரசு நெறிப்படுத்தலாம் என்ற விளக்கமும் இரு மாதங்களில் வந்தது. ‘மிதம்’ எவ்வளவு என்பது மட்டும் தீரவில்லை.

தீர்ப்பின் 21ஆம் ஆண்டு நாளில், 2020இல், சிப்பெக்னேகாட்டிக் மிக்மாக் சமூகம் செயின்ட் மேரீஸ் விரிகுடாவில் தன் சொந்த அனுமதியில் சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியது. மற்ற மீனவர்கள் எதிர்த்தனர். அக்டோபரில் இறால் கிடங்கு ஒன்று எரிந்தது. பணிக்குழுவின் அறிக்கைக்கும் பூங்காவின் திறப்பு விழாவுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. நகரத்தில் உடன்படிக்கையின் பெயரைச் சூட்டத் தயாராகும்போதே கடலில் அதே உடன்படிக்கைக்காகச் சண்டை. இதைக் கொண்டு பெயர்மாற்றத்தை வெறும் அலங்காரம் என்று தள்ளுவோரும் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. உடன்படிக்கையின் பெயரைத் தன் பூங்காவுக்குச் சூட்டிய நகரம், அந்த உடன்படிக்கை வழங்கும் மீன்பிடி உரிமையை அந்நியர் கோரிக்கை என்று இனிப் பேச முடியாது.

6. ஒப்பு நோக்கு

கார்ன்வாலிஸ் தெருவிலிருந்த கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் தேவாலயம் 2018இலேயே தானாக ‘நியூ ஹொரைசன்ஸ்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. நகரம் பெயர் மாற்றுவதற்கு முன்பே அது நடந்தது. தெரு 2023இல் நோரா பெர்னார்ட் தெரு ஆயிற்று; பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் வதைபட்டவர்களுக்காக வழக்காடிய மிக்மாக் பெண் அவர்.

இன்னொரு மாற்றம் கனடாவின் கடலோரக் காவல் படையில் நடந்தது. ‘எட்வர்ட் கார்ன்வாலிஸ்’ என்ற கப்பல் இப்போது ‘கோப்பிட் ஹாப்சன் 1752’. என் கணிப்பில் இத்தனையிலும் சிறந்த பெயர் அதுதான். பூங்காவின் பெயரை, முன்கதை தெரியாதவர் யாரும் பொதுவான நல்லெண்ணச் சொல் என்று எண்ணிக் கடந்துவிடலாம். கப்பலின் பெயரிலோ ஒப்பமிட்ட இருவரும் இருக்கிறார்கள், மிக்மாக் தலைவர் முதலில், ஆண்டும் இருக்கிறது.